பதினோராம் போர்ட்டில் பச்சை விளக்கு

"ஐயோ... நான் செய்யேல்லை!"

அலறியவள் ஜொய்சி. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த இரத்தப் பரிசோதனை நிலையத்தின் வரவேற்பாளர். வயது இருபத்து நான்கு.

எதிரே இன்ஸ்பெக்டர் அருட்செல்வன். கையில் விலங்கு!

"வாணி விழா அண்டைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு நோயாளியளின்ரை ரிப்போட் முழுக்க இஞ்சையிருந்துதான் வெளியிலை போயிருக்குது. அதை வைச்சு ஒருத்தன் காசு கேட்டு ஆக்களை வெருட்டுறான். நீர்வேலி ரீச்சர் ஒராள் பூச்சி மருந்து குடிச்சிட்டு ஆஸ்பத்திரியிலை கிடக்கிறா. தெரியுமே?"

"தெரியும் சேர்... ஆனா நான் இல்லை!"

"வேறை ஆர்?"

குறுக்கே விழுந்தார் உரிமையாளர் கனகலிங்கம். நெற்றி நிறைய விபூதி.

"எல்லாற்றை கொம்பியூட்டரையும் கழட்டிச் சரஸ்வதி பூசையிலை வைச்சனாங்கள். மூண்டு நாள் ஒருத்தரும் தொடேல்லை. உவள் சேர்ச்சுக்குப் போற வேதக்காரப் பிள்ளை. உவளுக்கென்ன பூசை? எடுத்து வயரிலை கொழுவியிருப்பாள்!"

ஜொய்சிக்கு அழுகையை விட ஆத்திரம்தான் கூட வந்தது.

அவளை விட ஆத்திரத்தில் ஒருத்தி மேசைக்கடியில் கிடந்தாள். றஜிதா... பொலிஸ் கூட்டி வந்த நெற்வேர்க் நிபுணர்.

ஒரு மணி நேரமாகத் தூசி, தும்மல், வியர்வை. தலைக்கு மேலே இடியப்பமாய்ப் பின்னிக்கிடந்த வயர்கள்!

"எந்த விசரன் உதைப் பூட்டினவன்? பாதி வயருக்குப் பேரே இல்லை!"

கனகலிங்கம் குனிந்தார்.

"பிள்ளை, உந்த ஸ்விட்சை ஒருக்கா நிப்பாட்டிப் போடுமன். எல்லாம் சரிவரும்."

"நாலாந்தரம் சொல்லுறியள் ஐயா! நிப்பாட்டினா பதிவெல்லாம் அழிஞ்சுபோம். கையை எடுங்கோ!"

எல்லாக் கணினிகளின் வயர்களும் வந்து சேரும் பெட்டிதான் ஸ்விட்ச். எந்தத் துளையில், அதாவது போர்ட்டில், இணைப்பு எப்போது அறுந்தது, எவ்வளவு தரவு போனது... எல்லாம் அதன் ஞாபகத்தில் இருக்கும்.

கடவுச்சொல் மூன்று தடவை பிழைத்தது. றஜிதா பல்லைக் கடித்தாள். நாலாவது தடவை, வாங்கிய நாளிலிருந்து யாரும் மாற்றாத பழைய சொல்லே திறந்தது!

"முதலாம் போர்ட்... வாணி விழா அண்டு காலமை அறுந்து, மூண்டு நாளாலை திரும்ப வந்திருக்கு. ரெண்டாவதும் அப்பிடித்தான். மூண்டு... நாலு..."

பதினொன்றில் விரல் நின்றது.

"இது மட்டும் ஒருக்காலும் அறுந்துபோகேல்லை! இருபத்தொரு நாளாய் பச்சை விளக்கு. வெளியிலை அனுப்பினதும் மற்றதுகளை விடப் பத்து மடங்கு!"

"ஆற்றை வயர் அது?"

றஜிதா வயரைத் திருப்பினாள். ஒட்டியிருந்த துண்டில் நீல மையில் ஒரு பெயர்.

ஜொய்சி!

"பாத்தியளே!" கனகலிங்கம் கையைத் தட்டினார்.

விலங்கு திறந்தது.

"பொறுங்கோ சேர்! துண்டை ஆரும் ஒட்டலாம்."

சரக்கென்று வயரைப் பிடுங்கினாள் றஜிதா. பச்சை விளக்கு செத்தது.

"ஜொய்சி, உமக்கு இணைப்பு அறுந்திட்டுதே?"

"இல்லை அக்கா... வேலை செய்யுது!"

றஜிதா ஓடினாள். ஒவ்வொரு திரையாகப் பார்த்தாள். கடைசியில் ஒன்றின் மூலையில் சிவப்புப் பெருக்கல் குறி...

கனகலிங்கத்தின் அறை!

"என்ரை கொம்பியூட்டரும் பூசையிலைதான் இருந்தது!" அவர் கத்தினார். "உவளையே கேளுங்கோ!"

ஜொய்சி தலையாட்டினாள்.

"ஓம் சேர்... மூண்டு நாளும் பூசை மேசையிலை இருந்தது. கண்டனான்."

றஜிதாவுக்குத் தலையைச் சுவரில் மோதலாம் போலிருந்தது. பூசை மேசையில் இருந்த கணினி எப்படி வயரிலும் இருக்கும்?

திரும்பியவளின் கண்ணில் அது பட்டது. ஜொய்சியின் சிபியு பெட்டியில் காய்ந்துபோன சந்தனப் பொட்டு!

"இதை ஏன் நீர் துடைக்கேல்லை?"

"ஐயர் வைச்சது. துடைக்க மனம் வரேல்லை அக்கா."

மற்ற வேலையாட்களின் எல்லாப் பெட்டியிலும் பொட்டு இருந்தது. கனகலிங்கத்தின் திரையிலும் இருந்தது.

றஜிதா அவருடைய மேசைக்குக் கீழே புகுந்தாள். சிபியுவில் விரலால் ஒரு கோடு இழுத்தாள்.

தூசி... பொட்டே இல்லாத வெறும் தூசி!

"சேர்! பூசைக்குப் போனது மொனிட்டர் மட்டும். பெட்டி கீழை கொழுவினபடி இருந்திருக்கு. நேரத்தைக் குறிச்சுவிட்டா, திரையே இல்லாமல் தானாய் அனுப்பும்!"

கனகலிங்கத்தின் விபூதி வியர்வையில் கரைந்து ஒழுகியது.

அவர் வாசல் பக்கம் நகர்ந்தார்.

விலங்கு ஜொய்சியைத் தாண்டிப் போய் அவர் கையில் 'கிளிக்' என்றது!

அருட்செல்வன் சிரித்தார்.

"மொனிட்டருக்கு நீங்கள் சந்தனம் வைச்சிட்டியள் ஐயா... பெட்டிக்கு நாங்கள் சீல் வைக்கிறம்!"