பெயரைக் கேட்டால் வீட்டைச் சொல்லும்

அந்த இணையப் பெயரை அவள் வாங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. தம்பியைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை. அதற்குள் யாரோ அதை நாற்பது தடவை கேட்டிருந்தார்கள்.

சனிக்கிழமை மதியம். ஜன்னல் கம்பிகளில் மழை சாய்ந்து அடித்துக்கொண்டிருக்க, கூடத்து அலமாரியின் மேல் அவள் புதிதாகப் பொருத்தியிருந்த சின்ன சர்வர், சூடேறிய தகரமும் புதுப் பிளாஸ்டிக்கும் கலந்த வாசனையோடு முனகிக்கொண்டிருந்தது. யார் எதைக் கேட்டார்கள் என்ற அதன் பதிவுகள் மடிக்கணினித் திரையில் வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தன. அவள் வாங்கிய பெயரை உலகத்தின் எந்த மூலையிலிருந்து யார் கேட்டாலும் கேள்வி இந்தப் பெட்டிக்குத்தான் வரும். பெட்டி இந்த வீட்டு இணைப்பின் எண்ணைப் பதிலாகச் சொல்லும். எண் கிடைத்தால் உள்ளே இருக்கும் படங்களைப் பார்க்கலாம்.

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். பெட்டிக்குள் இருந்தவை அவளுடைய எலும்புகள்தான். மணிக்கட்டு, விலா, காறை எலும்பு, தாடை. ஒவ்வொரு முறையும் வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு, தன் ஆஸ்பத்திரி மெஷினில் தானே படுத்து எடுத்துக்கொண்டவை. திங்கட்கிழமை வழக்கு, வக்கீலம்மாவுக்குப் படங்கள் வேண்டும். மெயிலில் அனுப்பியதையெல்லாம் புருஷன் இரண்டு தடவை உள்ளே புகுந்து அழித்துவிட்டான். அதனால்தான் சொந்தப் பெட்டி, சொந்தப் பெயர்.

பெயர் மகளுடையது. பிறந்ததும் அழாமல் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டவள், அன்றிலிருந்து வீட்டில் கொட்டாவிதான். இப்போது ஏழு வயது, உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். போனில் ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொடுத்த தம்பிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கொட்டாவின்னு பேர் வெச்சா எவன்க்கா போட்டிக்கு வரப்போறான்?"

நாற்பது தடவை கேட்டிருக்கிறார்களே என்றதற்கு, புதுப் பெயர் வந்தால் மெஷின்கள் இப்படித்தான் மோப்பம் பிடிக்கும், கண்டுகொள்ளாதே என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

அவளும் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். உட்கார்ந்து திரையைப் பார்த்தபோது கேள்விகள் மாறியிருந்தன. பெயருக்கு முன்னால் எந்த வார்த்தையையும் ஒட்டிக் கேட்கலாம். அப்படி ஒன்று இல்லை என்று பெட்டி பதில் சொல்லிவிடும். யாரோ ஒட்டியிருந்தார்கள். ஆங்கில எழுத்தில், தமிழ் வார்த்தை.

மணிக்கட்டு.

இல்லை என்றது பெட்டி.

விலா. இல்லை. காறை. இல்லை. தாடை. இல்லை.

டீ டம்ளரைக் கீழே வைத்தாள். உடைந்த வரிசை அதுதான். அந்த வரிசை மனுவில் இல்லை, தம்பிக்குத் தெரியாது, வக்கீலம்மாவுக்கும் தெரியாது. உடைத்தவனுக்குத் தெரியும். குளியலறைக் கதவிடுக்கில் அவள் கையை வைத்து, பாட்டை முணுமுணுத்தபடியே கதவைச் சாத்தியவனுக்குத் தெரியும். வலது விலாவின் பழைய இடம் சுருக்கென்று இழுத்தது.

அடுத்த வரி இறங்கியது.

கழுத்து.

கழுத்து இன்னும் உடைந்ததில்லை.

போலீசுக்குப் போன் செய்தாள். ஆள் வந்திருக்கிறானா என்று கேட்டார்கள். வரவில்லை என்றால் ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக்கொடுக்கச் சொன்னார்கள். தம்பியைக் கூப்பிட்டாள். அவன் சிரிக்கவில்லை. புருஷன் வேலை பார்ப்பது இணைய இணைப்பு கொடுக்கும் கம்பெனியில். எந்த எண் எந்த வீட்டுக் கம்பியில் ஓடுகிறது என்று பார்ப்பதே அவன் பிழைப்பு. மகளின் செல்லப் பெயர் எப்போது பதிவாகும் என்று காத்தே இருந்திருப்பான். ஆறு மாதமாக அவள் ஒளித்து வைத்திருந்த வீட்டை, பெயரை வாங்கியதிலிருந்து கேட்கக் கேட்கப் பெட்டி அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

"பாப்பா ரூமுக்குள்ள போய்ப் பூட்டிக்கக்கா. வெளிக்கதவுக்குத் தாழ்ப்பாள் போடாத, எனக்குத் திறக்க நீ வெளிய வரவேண்டியிருக்கும். எங்கிட்ட சாவி இருக்கு. இருபது நிமிஷம்."

அவள் உள்ளே போகவில்லை. உள்ளறைக் கதவை வெளியிலிருந்து சாத்திக் கொண்டி போட்டுவிட்டு, கேபிளுக்கு ஆணி அடித்த சுத்தியலை எடுத்துக்கொண்டு திரைக்கு முன்னால் நின்றாள். பெட்டியைப் பிடுங்கி எறிய கை பரபரத்தது. எறிந்தால் அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் போய்விடும். கேள்வி வருகிற வரையில் அவன் எங்கோ உட்கார்ந்து விசையைத் தட்டிக்கொண்டிருக்கிறான்.

கழுத்து. கழுத்து. கழுத்து.

பிறகு நின்றுவிட்டது.

மழைச் சத்தம். பெட்டியின் முனகல். கீழ்த்தளத்தில் எங்கோ தண்ணீர் சொட்டுவது. மாடிப்படியிலிருந்து ஈரச் சிமெண்டு வாசனை கதவிடுக்கு வழியாக வந்தது. அவள் உள்ளங்கை வேர்த்துச் சுத்தியலின் பிடி வழுக்கியது. புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

ஒரு வரி.

வெளியிலிருந்து வந்த கேள்வி அல்ல. வீட்டு வைஃபைக்குள் சேர்ந்த போனுக்குக் கிடைக்கும் எண். இந்தச் சுவர்களுக்குள் இருந்து, அல்லது படிக்கட்டில் நின்று, யாரோ கேட்டார்கள். கொட்டாவி.

பூட்டில் சாவி நுழைந்தது.

தம்பி சாவி போட்டால் கொத்தே குலுங்கும். இது குலுங்கவில்லை. மெதுவாக. மிக மெதுவாக. சத்தம் வராமல் திருப்பத் தெரிந்த கை.

கதவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டாள். மழை இருட்டு. ஈரச் சட்டை வாசனை. ஒரு தோள் உள்ளே வந்தது. தலை.

அடித்தாள்.

காய்ந்த ஓடு நொறுங்குகிற சத்தம். விழுந்தான். கத்தவிடக் கூடாது. மறுபடி. காதுக்கு மேலே. மறுபடி. முகத்தில் சூடாகத் தெறித்தது. எட்டு வருஷம். மறுபடி.

"...க்கா."

கை மேலேயே நின்றது.

நிலைப்படியின் குறுக்கே கிடந்தான் தம்பி. ஒரு கண் அவளைப் பார்த்தது. இன்னொன்று இருந்த இடத்தில் ஏதோ கொப்பளித்தது. குலுங்காதபடி சாவிக்கொத்தை இறுகப் பிடித்திருந்தான், உள்ளே அந்தாள் இருப்பானோ என்று பயந்து. மற்ற கையில் போன். அதில் கொட்டாவி என்ற அந்தப் பெயரின் வழியே பெட்டியின் பதிவுகள் திறந்திருந்தன. அவளுக்குக் காவலாக, வழியெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறான்.

அவன் குதிகால் தரையில் படபடவென்று அடித்தது. பிறகு விட்டுவிட்டு. பிறகு இல்லை.

உள்ளறையிலிருந்து மகள் கதவைத் தட்டினாள். அம்மா, திற என்றாள்.

கீழே கேட் கிரீச்சிட்டது.

படியில் காலடி. அவசரமில்லாத காலடி. ஒரு பாட்டை முணுமுணுத்தபடி.

கதவைச் சாத்தினாள். மூடவில்லை, தம்பியின் இடுப்பில் இடித்து நின்றது. அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். ரத்தத்தில் பாதம் வழுக்கி விழுந்தாள். எழுந்து இழுத்தாள். உடம்பு வந்தது. ஒரு கால் மட்டும் வெளியே. ஷூ படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியில் சிக்கியிருந்தது.

முதல் தளம்.

கதவை அந்தக் காலின் மேல் அறைந்தாள். எலும்பு தெறித்தது; எந்த எலும்பு என்று சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்தது. மறுபடி அறைந்தாள். கால் நசுங்கியது, மடங்கவில்லை. அழுதுகொண்டே, தம்பி, தம்பி என்று சொல்லிக்கொண்டே, மறுபடி. மறுபடி.

பாட்டு நின்றது.

மகள் தட்டிக்கொண்டே இருந்தாள். கதவில் இன்னும் நாலு விரற்கடை இடுக்கு. அதன் வழியே, மழையில் நனைந்த நான்கு விரல்கள், கதவின் விளிம்பைப் பதமாகப் பிடித்தன.