ஆறாம் தெருவின் ஆழம்

காலையில் மதில்மேல் ஏறிக் கடற்பக்கம் ஒளியளவியை இறக்குவது என் வேலை. எங்கள் ஆறாம் தெருவின் மட்டத்தில் நீருக்குள் எவ்வளவு வெயில் விழுகிறது என்று அது காட்டும். நான் அதைத் தெருவுக்குச் சொல்வேன். தெரு காபி குடித்துக்கொண்டே கேட்டுவிட்டு மீன் விலை பேசப் போய்விடும்.

எங்கள் ஊரான முத்துமேட்டில் அநேகமாக எல்லாத் தெருக்களும் கடல் மட்டத்துக்குக் கீழேதான் இருக்கின்றன. கடலைத் தடுக்கும் மதிலை எத்தனை காலம் உயர்த்திக்கொண்டே போவது? அதனால்தான் இந்த ஏற்பாடு. ஒரு தெரு தன் மதகைத் திறந்து கடலை உள்ளே விடவேண்டும். ஆழமில்லாத, தெளிந்த, வெயில் படுகிற நீரில் சுண்ணப்பாசி தழைக்கும். அது செத்து உதிர்ந்து, சிப்பித் துகளோடும் பவளப் பொடியோடும் சேர்ந்து வெள்ளைச் சேறாகப் படியும். அதன்மேல் அடுத்த படிவு விழ, அடியில் இருப்பது இறுகிப் பாறையாகும். நீர்மட்டத்தைத் தொட்டதும் வளர்ச்சி தானாக நின்றுவிடும். கடலே போட்டுத் தருகிற தரை அது.

ஆனால் முப்பது வருடம் ஆகும். அதுதான் எல்லோருக்கும் தொண்டையில் சிக்கிய முள். மதகைத் திறக்கிறவர்கள் மிதவைக் குடியிருப்புக்குப் போகவேண்டும். பெரும்பாலும் அவர்கள் காலம் அங்கேயே முடிந்துவிடும். திரும்பி வருவது பிள்ளைகள்தான். பக்கத்துச் சங்குத் தெரு அப்படித்தான் எழுந்தது. இப்போது கடல் வற்றும் நேரத்தில் வெள்ளைவெளேரென்று வெளியே தெரிகிறது. அங்கே மனை அளந்துகொண்டிருக்கும் யாருக்கும் பழைய தெரு நினைவில்லை.

எங்கள் தெருவில் ஒரு வீடு மறுத்தாலும் திறக்க முடியாது. ஒரு வருடம் யாருக்கோ கல்யாணம். அடுத்த வருடம் யாருக்கோ மூட்டுவலி. எல்லா வருடமும் என் அண்ணன் பிளவேந்திரன். அவன் வீட்டுக்குப் புதுத் தளம் போட்டிருந்தான். அதைக் கடலுக்குக் கொடுக்க மனசு வரவில்லை. கடல் ஏறிக்கொண்டே இருக்கிறது, இரண்டு ஆள் ஆழத்துக்கு மேல் போனால் வெயில் போதாது, கடல் உயரும் வேகத்துக்குப் படிவு ஈடுகொடுக்காது என்று தொண்டை வறள வறளச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, மதிலுக்கு இன்னொரு வரி கல் வைத்தார்கள். அதை எவ்வளவு அழகாகப் பூசினார்கள் தெரியுமா? பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த மழைக்காலத்தில் மதில் ஓரிடத்தில் கசிந்தது. அந்தப் பயத்தில்தான் தெரு இறங்கி வந்தது. வீடு வீடாகப் போய்க் கெஞ்சினேன். கடைசியாக அண்ணனும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சரியென்றான். மூட்டைகள் கட்டி வாசலில் வைத்தாயிற்று. மதகு திறக்கும் நாளன்று காலை, மதகு அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் ஆழத்தையும் வெயிலையும் ஒருமுறைக்கு இரண்டுமுறை அளந்தார்கள். மழைக்கு முன்பே ஆழம் எல்லை தாண்டிவிட்டதாம். இனித் திறந்தால் வெறும் கடல்தான், தரை எழாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் வாரக்கணக்காக அதே அளவைத்தான் பார்த்திருந்தேன். கருவியில் பாசி படிந்திருக்கும் என்று துடைத்துத் துடைத்து மறுபடி இறக்கினேன்.

தெரு கூடியது. சொன்னேன்.

"அப்ப போக வேண்டாமா?" என்றான் அண்ணன்.

வேண்டாம் என்றேன். யாரோ பெருமூச்சு விட்டார்கள். யாரோ மூட்டையைப் பிரித்து அடுப்பை வெளியே எடுத்தார்கள். ஊர்மாறுவதால் நின்றுபோயிருந்த ஒரு கல்யாணத்துக்கு நாள் பார்க்கும் பேச்சு அங்கேயே தொடங்கிவிட்டது. எனக்கு அழுகை வந்தது.

"ஏட்டி மெட்டில்டா, ஏன் அழுவுத? வீடு தப்பிச்சிட்டுல்லா?"

"வீடு தப்பிச்சிட்டு அண்ணே. எம் மவளும் ஒம் மவனும் நாளைக்கு எங்க போய் நிப்பாவ?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான்.

"மதில இன்னும் ரெண்டு வரி ஒசத்திருவோம்," என்றான். சம்மதமா என்று தெருவைப் பார்த்துக் கேட்டான்.

எல்லாக் கைகளும் உயர்ந்தன. யாரையும் கெஞ்சவேண்டியிருக்கவில்லை. என் மடியில் உட்கார்ந்திருந்த மகள் அன்சிலா, பெரியவர்களைப் பார்த்துவிட்டுத் தானும் கையைத் தூக்கினாள். நான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.