பாதங்களுக்குக் கீழே ஒரு சலவைக்கல்

எர்சிலியா காபியைத் தொடவேயில்லை. ஃபோஸ்கோவின் சமையலறை மேசையில் அது ஆறிக்கொண்டிருந்தது.

"நான் சொல்றதைக் கேளுங்க. எனக்குப் புத்தி கலங்கிடுச்சா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க," என்றாள்.

ஃபோஸ்கோ ஓய்வுபெற்ற விசாரணை நீதிபதி. அந்த ஓய்வை இன்னும் ஒப்புக்கொள்ளாதவள் அவர் மனைவி லொரெதானா. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

மருந்தியல் படித்துக்கொண்டிருந்த வயதில் எர்சிலியா, சிற்பி உல்தெரிகோவுக்கு மாதிரியாக உட்கார்ந்தவள். ஆளுயர வெண்கலப் பெண். உட்கார்ந்திருப்பதோ நிஜமான இரும்புச் சமையலறை நாற்காலியில். வெறும் பாதங்கள் தரையில் பதிந்திருக்கும். அவள் கல்யாணத்துக்கு அவர் தந்த பரிசு அது. இப்போது அவர் காலமானபின், பியெத்ராசாந்தா அருங்காட்சியகம் அவருடைய வாழ்நாள் சிற்பங்களையெல்லாம் திரட்டிக் காட்சி வைக்கிறது. நாளை திறப்பு. சிலையை மெருகேற்றக் கொண்டுபோனவன் அவளுடைய தம்பி மகன் கொராதோ. நாற்காலி மட்டும் வீட்டிலிருந்து நேரே அருங்காட்சியகத்துக்குப் போனது.

நேற்றுப் போய்ப் பார்த்தபோது பாதங்களுக்கு அடியில் மெல்லிய சலவைக்கல் ஒன்று இருந்தது. இது என் சிலை இல்லை என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். எல்லார் முன்னாலும் கொராதோ அவள் தோளில் கைவைத்து, "அத்தை, அந்தக் கல்லு எப்பவும் அங்கதானே இருந்துச்சு," என்றான்.

அவள் அடுப்பை அணைக்க மறந்ததாகவும் இந்த மாதம் அவன் சொல்லியிருந்தான். திங்கட்கிழமை அவளை மருத்துவரிடம் கூட்டிப்போகிறான். அவளுக்கு நினைவு தப்புகிறதென்று அவர் எழுதிக் கொடுத்தால், வீட்டுக்கும் பணத்துக்கும் நீதிமன்றம் அவனையே பொறுப்பாளராக்கும். வீட்டிலிருந்த பழைய புகைப்படங்களையும் கண்காட்சி மலருக்கென்று அவன் வாங்கிப் போயிருந்தான்.

"ராத்திரி பூரா யோசிச்சேன். விடியறப்ப, கல்லு இருந்த மாதிரியே தோண ஆரம்பிச்சிடுச்சு." எர்சிலியா ஆறிப்போன காபியைத் தள்ளிவைத்தாள்.

"தம்பி மகன்தான். வேற யாரு?" என்றாள் லொரெதானா.

"என்ன பண்ணினான்?" என்று கேட்டார் ஃபோஸ்கோ.

"அதை நீ கண்டுபிடி. ஆளை நான் சொல்லிட்டேன்."

மூவரும் அருங்காட்சியகத்துக்குப் போனார்கள். சிலை இருந்த கூடத்துக்கு அதன் இயக்குநர் துலியோ தூக்கம் கெட்ட கண்களோடு வந்தார். அந்தக் கல்லை வெட்டச் சொன்னது கொராதோதான் என்றார். கூடத்தின் அந்த மூலை சரிவு, சிலையின் கால் அந்தரத்தில் நிற்கும் என்று போன மாதமே சொன்னானாம். போன மாதம் இந்தக் கூடம் திறந்திருந்ததா என்று ஃபோஸ்கோ கேட்டார். இல்லை, தளம் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். கொத்தனார்களைத் தவிர யாரும் உள்ளே வரவில்லை.

லொரெதானா பையிலிருந்து ஒரு மாண்டரின் ஆரஞ்சை எடுத்துச் சிலையருகே தரையில் வைத்தாள். அது உருளவில்லை. இடத்தை மாற்றி வைத்துப் பார்த்தாள். அங்கேயும் அசையவில்லை.

கல்லை உருவச் சொன்னார் ஃபோஸ்கோ. பாதங்களுக்கும் தரைக்கும் இடையே ஒரு விரல் கனத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. எர்சிலியா தன் கால்களையே குனிந்து பார்த்துக்கொண்டாள். சிலையின் முகத்தில் எந்தக் குறையும் இல்லை. அவளுடைய இருபது வயது மூக்கு, அவளுடைய பிடிவாத உதடு. பிறகு ஏன் நெஞ்சு மட்டும் ஒப்பவில்லை?

துலியோ அழைத்து, கொராதோ வந்து சேர்ந்தான். "என்ன அத்தை, மறுபடியுமா?" என்று சிரித்தான்.

ஃபோஸ்கோ அவனைப் பார்க்காமல் சிலையைப் பார்த்தே பேசினார். "ஒரு வெண்கலச் சிலை மேல அச்சு எடுத்து இன்னொண்ணு வார்த்தா, புதுசு கொஞ்சம் சின்னதாத்தான் வரும். ஆறும்போது உலோகம் சுருங்கிடும். முகத்துல அது தெரியாது. ஆனா நாற்காலி நிஜ நாற்காலி, அது சுருங்கல. அதனால கால் எட்டல."

"தரை சரிவுன்னு நெனச்சேன். அதுக்குத்தான் கல்லு," என்றான் கொராதோ.

"பாக்காத தரையா? சரி, அப்படியே வெச்சுக்குவோம். இந்தத் தரைக்காக வெட்டின கல்லுன்னா அது புதுசு. அத்தைகிட்ட, கல்லு எப்பவும் இருந்துச்சுன்னு எதுக்குச் சொன்னே?"

லொரெதானா கணவரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

துலியோ அங்கிருந்தே, சிலை மெருகேறப் போயிருந்த வெண்கல வார்ப்பாலைக்குத் தொலைபேசியில் பேசினார். அத்தை பாதுகாப்புக்கு ஒரு நகல் கேட்டதாகக் கொராதோ சொன்னானாம். நகலில் கால் கொஞ்சம் தூக்கும் என்று வார்ப்பாலைக்காரர் அப்போதே எச்சரித்திருக்கிறார். மூலச் சிலை இப்போது எங்கே என்று கேட்டதற்கு, தன் கார் கொட்டகையில் இருப்பதாகக் கொராதோ முனகினான். அதை விலைபேசியிருந்தவர் இன்னும் எடுத்துப்போக வரவில்லை.

"அத்தை, இது நம்ம குடும்ப விஷயம். வீட்டுல பேசிக்கலாம்."

எர்சிலியாவுக்குச் சிலைக்காகக் கோபம் வரவில்லை. அது அவளுக்கே வியப்பாக இருந்தது. விடியும்வரை தன்னைத்தானே குறுக்குவிசாரணை செய்துகொண்டு கிடந்த அந்தப் பெண்ணுக்காகத்தான் அவளுக்கு வலித்தது.

"அடுப்பை நான் அணைச்சுட்டுத்தானே படுத்தேன், கொராதோ?"

அவன் ஆமென்று தலையை ஆட்டினான்.

போலீசுக்குத் தானே சொல்லிவிடவா என்று துலியோ மெதுவாகக் கேட்டார். எர்சிலியா கையை நீட்டித் தொலைபேசியை வாங்கிக்கொண்டாள்.

"வேணாம். நானே பேசறேன். எனக்கு எல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு."