மூடியின் உள்பக்கம்

தேநீர்க் கோப்பையின் மூடியைத் தூக்கிய ஹருயோவின் கை அப்படியே நின்றது. உள்பக்கம் முழுக்க நீர்த்துளிகள். தினமும் பார்க்கிற துளிகள்தான், பார்த்ததும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். இன்றைக்கு அப்படி இல்லை. அடுப்பில் எரிவாயு தீர்ந்துபோய், நேற்று மிஞ்சிய தேநீரைத்தான் ஊற்றி மூடியிருந்தாள். சில்லிட்டுக் கிடந்த தேநீரிலிருந்து ஆவி எப்படி வரும்?

கடலுக்குப் போனவனுக்கு வீட்டில் தினமும் ஒரு தட்டு வைப்பது அந்தத் துறைமுகத்து வழக்கம். சோறு, தேநீர், அவனுக்குப் பிடித்த ஏதாவது ஒரு இனிப்பு. எங்கே இருந்தாலும் அவன் பசியாறுவான். மூடியில் துளி கட்டியிருந்தால் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். அவள் கணவன் தமோட்சுவின் படகு வசந்தத்தில் போனது, இப்போது இலையுதிர் காலம். கூடப் போனவர்களின் மனைவிமார் ஒவ்வொருத்தியாகத் தட்டை எடுத்துப்போய், செத்தவர்களுக்கு ஊதுபத்தி ஏற்றும் மாடத்தில் வைத்துவிட்டார்கள். ஹருயோ வைக்கவில்லை. ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும், துளி இருக்கிறதே!

மத்தியானம் தமோட்சுவின் தங்கை தொமி வந்தாள். முன்னோருக்குப் படைக்கிற வாரம் அது. சிவப்புப் பயறு விழுதில் பொதிந்த ஒஹாகி என்ற இனிப்புச் சோற்று உருண்டைகளை டப்பாவில் கொண்டுவந்திருந்தாள்.

"உன் கையால பண்ணா கல்லாட்டம் இருக்கும் அண்ணி. அதான் நானே பண்ணிட்டேன்."

"ஆமா, உங்க அண்ணன் அந்தக் கல்லத்தான் இத்தன வருஷமா தின்னாரு."

இருவரும் சிரித்தார்கள். அப்புறம் தொமியின் கண் மேசையிலிருந்த தட்டுக்குப் போனது.

"இன்னுமா அண்ணி இங்க வெக்கிற? மாடத்துல வெச்சிடேன். எனக்கு மட்டும் வலிக்கலையா?"

ஹருயோ மூடியை நீட்டினாள். தொமி ஒரு துளியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் வெளுத்துப்போனது.

"உப்பு கரிக்குது."

"கண்ணீரா இருக்கும். நான்தான் அழுதிருப்பேன்."

"இல்ல அண்ணி, கடல் தண்ணி. ஐயோ, எங்க அண்ணன் அடியில கெடக்குறான். நீ தினமும் சோறு போட்டு அவன சாகவிடாம வெச்சிருக்க!" தொமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்த ஒஹாகிய மாடத்துல வெச்சு பத்தி ஏத்து. அவன் போயிடுவான். மூச்சு முட்டுற மனுஷன விட்ரு அண்ணி."

தொமி போன பிறகும் அந்தப் பேச்சு வீட்டை விட்டுப் போகவில்லை. பொழுது சாயச் சாய, பாயின் வைக்கோல் வாசத்துக்கு அடியிலிருந்து பாசியும் டீசலும் அழுகிய கயிறும் கலந்த வாடை கிளம்பி, காகிதக் கதவு வழியே வந்த மங்கல் வெளிச்சத்தோடு சேர்ந்து அறை முழுக்க நிரம்பியது. எங்கோ தண்ணீர் சொட்டியது. குழாயை முறுக்கிப் பார்த்தாள். இறுக்கமாகத்தான் இருந்தது. சொட்டுவது நிற்கவில்லை.

ஒஹாகித் தட்டோடு மாடத்துக்கு முன்னால் போய் நின்றாள். வைத்தால் செத்துப்போவான். வைக்காவிட்டால்? ஏழு மாசமாக அவன் மூச்சுக்குத் தவிப்பது அவள் நெஞ்சிலேயே அடைத்தது. பாவி, நானா இதைச் செய்தேன் என்று வாய்விட்டே அழுதாள். தட்டு மாடத்தின் விளிம்பைத் தொட்டது.

பின்னால் பாய் நசநசத்தது.

திரும்பினாள்.

அவன் இடத்தில் அவன். மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். முகமும் வயிறும் ஊதியிருந்தன. சட்டை, அவள் தைத்ததுதான். கண் மட்டும் உயிரோடு இருந்தது.

வாயைத் திறந்தான். தண்ணீர் கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. அதற்கு நடுவே குரல்.

"போதும், ஹருயோ."

மாடம் கைக்கெட்டும் தூரம். தட்டை வைத்தால் போதும். ஒரு பத்தி. அவ்வளவுதான்.

"விட்டுடும்மா."

அவள் தலையாட்டினாள். வைக்கத்தான் நினைத்தாள், சத்தியமாக. ஆனால் எவ்வளவு இளைத்துப்போயிருந்தது அந்தக் கை! அவனுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். ஒஹாகியைப் பிய்த்தாள்.

"இந்த ஒரு வாய் மட்டும் சாப்பிடுங்க," என்றாள்.

அவன் வேண்டாம் வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினான். அவள் அவன் தாடையைப் பிடித்துத் திறந்து, வழிகிற தண்ணீருக்குள் இனிப்பைத் திணித்தாள். தொண்டை ஏறி இறங்கியது. விழுங்கிவிட்டான்.

கன்னத்தில் கண்ணீரோடு, அவள் அடுத்த வாயைப் பிய்த்தாள்.