எட்டு மணி மாத்திரை

கேப்சூல் அவள் கையிலேயே இரண்டாகப் பிரிந்து வெள்ளைத் தூள் விரல்நுனியில் ஒட்டிக்கொண்டது. எட்டு வருடத்தில் ஒருநாளும் இப்படி ஆனதில்லை. வீணாக்க மனமில்லாமல் நாக்கில் வைத்தாள். இனித்தது.

பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துபவள் அவள். கம்பெனி ஏதாவது மாற்றியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாலும் அந்த இனிப்பு தொண்டையைவிட்டு இறங்கவில்லை. காலை எட்டுக்கு ஒன்று, இரவு எட்டுக்கு ஒன்று. உள்ளே இருக்கும் இதயம் வேறொருவருடையது என்று உடம்புக்குத் தெரியாமல் மறைத்துவைக்கும் மருந்து. அந்த வேறொருவர் அக்காவின் மகள். விபத்து நடந்த மூன்றாம் நாள், மூளை செத்துவிட்டது என்று டாக்டர்கள் சொன்னதும், அக்காவே கையெழுத்துப் போட்டு மகளின் இதயத்தைத் தங்கைக்குக் கொடுத்தாள். அன்றிலிருந்து அக்கா இந்த வீட்டில்தான். ஞாயிறு தவறாமல் மாத்திரை டப்பாவை நிரப்புவதும் அக்காதான்.

வெளியே விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. ஒரு மாதமாக மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது; செருப்பு வார் வீங்கிய காலில் பள்ளமாகப் பதிந்தது. நடுப்பகலில் போன் வந்தது. முந்தின நாள் ரத்தமும் ஸ்கேனும் எடுக்கச் சொன்ன இதய டாக்டர்.

"ரத்தத்துல மருந்து இருக்கிற அடையாளமே இல்லைம்மா. மாத்திரையை விட்டுட்டீங்களா?"

"ஒரு வேளைகூட விடல டாக்டர்."

"இதயம் பம்ப் பண்ற சக்தி அறுபது சதவீதத்திலிருந்து முப்பத்தெட்டுக்கு இறங்கியிருக்கு. உடம்பு இதயத்தைத் தாக்க ஆரம்பிச்சிருச்சு. உடனே கிளம்பி வாங்க. தனியா வேண்டாம், அக்காவைக் கூட்டிக்கிட்டு வாங்க."

போனை வைத்தபிறகுதான் சமையலறைச் சத்தம் காதில் விழுந்தது. டிக். சற்று இடைவெளி. மறுபடி டிக். ஏதோ தட்டப்படும் மெல்லிய ஓசை, அதன்பின் குழாய் திறந்து தண்ணீர் ஓடி நிற்கும் சத்தம். கடந்த சில ஞாயிறுகளாக இதே சத்தத்தை அடுத்த அறையிலிருந்து கேட்டபடி விடைத்தாள் திருத்தியிருக்கிறாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அக்கா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். மேசைமேல் ஒரு கிண்ணத்தில் பொடித்த சர்க்கரை. பக்கத்தில் வரிசையாக, மருந்தைக் கொட்டிவிட்ட காலி கேப்சூல் உறைகள். நிதானமாக, ஒரு தூள்கூடச் சிந்தாமல் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நாளா அக்கா?"

அக்கா திடுக்கிடவில்லை. கையில் இருந்ததை மூடிவிட்டுத்தான் திரும்பினாள்.

"ஆறு வாரம் இருக்கும்."

"நான் செத்துருவேன்னு உனக்குத் தெரியும்ல?"

"எட்டு வருஷமா அவ உள்ள இருக்கிறதை உன் உடம்புக்குச் சொல்லவே விடாம வச்சிருந்தோம். சித்தியைத் தொந்தரவு பண்ணாம கிடன்னு நான்தான் சொன்னேன். பாவம், சொன்ன பேச்சு கேக்குற புள்ள." அக்காவின் குரலில் கோபமே இல்லை. "போதும். இப்ப தெரிஞ்சிருச்சு. உன் உடம்பு அவளைத் தேடி வந்துருச்சு."

தனக்குக் காய்ச்சல் என்றால் விடிய விடியக் கண்விழித்தவள். ஒவ்வொரு வேளையும் தண்ணீர் டம்ளரை நீட்டி, விழுங்கும்வரை பக்கத்திலேயே நின்றவள். அந்த நிற்பு யாருக்காக என்று இப்போது புரிந்தது.

வாசலுக்குத் திரும்பினாள். நான்கு அடி. ஐந்து. கால்கள் மடங்கின. தரை சில்லென்றிருந்தது. போன் கையிலிருந்து நழுவியது. அக்கா வந்து அதை எடுத்து அணைத்து அலமாரியில் வைத்தாள். வாசல் கதவைத் தாழிட்டாள். தலைக்குத் தலையணை கொடுத்தாள்.

"அக்கா. ஆம்புலன்ஸ். கூப்பிடு."

அக்கா பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்தாள். முகம் பார்க்கவில்லை. நெஞ்சுத் தழும்பின்மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தட்டத் தொடங்கினாள்.

"எழுந்திரு கண்ணு. நேரமாச்சு. அம்மா வந்திருக்கேன்ல."

துடிப்பு தடுக்கியது. நின்றது.

பிறகு, அந்தக் கைக்கு அடியில், தூக்கம் கலைந்த குழந்தையைப்போல, அது அம்மா இருந்த பக்கமாகப் புரண்டு படுத்தது.