படகிலிருந்து பார்த்த கரை

"ஏங்க, இந்தப் படத்துக்கு செவப்பு மையில கோடு போட்டது யாருங்க?"

பக்கத்து இருக்கையிலிருந்து எழுந்த அக்குரல் தாட்சாயிணியைத் திடுக்கிடச் செய்தது. சிதம்பரத்திலிருந்து கடலூர் நோக்கி விரைந்துகொண்டிருந்தது பேருந்து. வெளியே கார்த்திகை மழை... அவள் மடியிலோ ஓவியக் கட்டு. பள்ளி வகுப்பறைகளுக்கான பருவநிலை அறிவியல் நூலுக்குக் கல்லூரி மாணவர்களின் ஓவியங்களை வரவேற்றுத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு, கடலியல் ஆய்வு மாணவியாகிய அவளிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. தேர்வு பெறாதவற்றைத் திருப்பித் தரவே அவள் இன்று புறப்பட்டிருந்தாள்.

"நான்தான். ஏன்?"

"அது என் படம்."

நிமிர்ந்தாள். மழைநீர் சொட்டும் முன்முடி... அதன் கீழே கோபத்தையும் குறும்பையும் ஒருங்கே ஏந்திய இரு கண்கள்... ஐயோ, இவ்வளவு கருமையா! அஜய், ஓவியக் கல்லூரி இறுதியாண்டு, கடலூர் மீனவர் குப்பம் என்று விண்ணப்பத்தில் படித்தது நினைவுக்கு வந்தது.

"கடல்மட்டம் உயர்றத வரையச் சொன்னோம். நீங்க வெறும் கரைய வரைஞ்சிருக்கீங்க. கடல் எங்கங்க ஏறுது?"

"கரையில நின்னு பாக்குறவங்களுக்குத்தாங்க கடல் ஏறும். படகுல நின்னு பாருங்க... கரைதான் தேயும்." அவன் விரல் படத்தின்மேல் ஊர்ந்தது. "எங்கப்பா வலை போட்ட எடத்த இந்தப் பனமரங்கள வெச்சுத்தான் கண்டுபுடிப்பாரு. அப்ப ஏழு நின்னுச்சு. இப்ப மூணு. இனிமே செல்போன் டவர வெச்சுத்தான் மீன் புடிக்கணும்!"

நீருக்குள் நிழலாய் நான்கு அடிமரங்கள்... அவற்றைப் பாறைகள் என்றல்லவா எண்ணியிருந்தாள்! இரண்டாண்டுகளாகச் செயற்கைக்கோள் படங்களில் அவள் அளந்துவந்த கரையரிப்பு முழுவதும், இதோ, ஒரே தாளில்! நெஞ்சு துள்ளியது.

"இதச் சேத்துடலாங்க! ஒரு மணிக்குத்தான் பட்டியல் அச்சுக்குப் போகுது!"

அவன் முகம் இறுகியது. "வேணாங்க. நான் பேசுனதால பாவம் பாக்குறீங்க. குடுங்க."

கடலூர் பேருந்து நிலையம் வந்தது. படத்தை வாங்கிக்கொண்டு அவன் மழையில் இறங்கினான்.

போனால் போகட்டும் என்றது கர்வம். கால்கள் கேட்கவில்லை... ஓடினாள். மணி பன்னிரண்டே முக்கால். அவன் வழியை மறித்து நின்று, அவனுக்கும் கேட்கும்படி, நூல் குழுத் தலைவர் பேராசிரியர் ஜெயப்பிரகாஷை அலைபேசியில் அழைத்தாள்.

"சார், அந்தப் பனமரப் படத்த நான்தான் தப்பா தள்ளிட்டேன். அடிமரத்தப் பாறைன்னு நெனச்சுட்டேன். அட்டைக்கே அதுதான் சார் வரணும்!"

"பட்டியல்ல கையெழுத்துப் போட்டதே நீதானம்மா? குழுவுல எல்லார் முன்னாடியும் ஒத்துக்கணுமே?"

"ஒத்துக்குறேன் சார்."

"சரி, சேத்துடுறேன்" என்று அவர் அழைப்பைத் துண்டித்தார். பிறகு, அஜய் படத்தை நீட்டினான்.

"நனையப் போவுது... புடிங்க மேடம்."

"மேடம் இல்ல. தாட்சாயிணி."

"சரிங்க, தாட்சாயிணி மேடம்!"

அவள் சிரித்துவிட்டாள். மறுகணமே நாணம் குரலைத் தாழ்த்தியது.

"உங்க நம்பர் வேணும்..."

"அதான் ஃபாரத்துலயே எழுதியிருக்கனே?"

"அது புத்தகத்துக்கு... எனக்கு, நீங்களா குடுங்க." இமைகள் தாழ்ந்தன. "உங்கள... எனக்குப் புடிச்சிருக்கு."

அவன் கண்கள் அகல விரிந்தன. ஒவ்வோர் எண்ணாக, மிக மெதுவாகச் சொல்லத் தொடங்கினான். ஒன்பதாவது எண்ணில் நிறுத்திவிட்டான்.

"கடைசி நம்பர்?"

"நாளைக்கு நேர்ல சொல்றேன்... எனக்கும்தான் புடிச்சிருக்கு, அவ்ளோ சுலுவா வுட்டுடுவனா?"