சல்யூட் அடிக்காத ரோந்துக்காரர்

ரேவன்ஸ்கில் வளைவில் நிற்கிறவரை எங்கள் பக்கத்தில் யாரும் பேய் என்று சொல்வதில்லை. ரோந்துக்காரர் என்றுதான் சொல்வோம். மலைச்சாலை ஓரத்தில் பாழடைந்த டெலிபோன் பெட்டி ஒன்று உண்டு. பனிமூட்டம் இறங்கினால் அதன் பக்கத்தில் தெரிவார். முழங்கால்வரை பூட்ஸ், குறுக்கே தோல் பட்டை, தலையில் தொப்பி. வண்டி வழியில் நின்றுவிட்டால் ஆள் அனுப்பி உதவும் சங்கம் ஒன்றில் வேலை பார்த்தவர். சந்தா கட்டியவர்கள் வந்தால் விறைப்பாக ஒரு சல்யூட் அடிப்பார். நாமும் ஸ்டீரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். அவர் சல்யூட் அடிக்கவில்லை என்றால் முன்னால் ஆபத்து, வண்டியை நிறுத்து என்று அர்த்தம். அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே சங்கத்து ரோந்துக்காரர்கள் எல்லோருக்கும் வழக்கம் அதுதான்.

என் அப்பா பிறப்பதற்கு முன்பு, யாரோ ஒருவருடைய காருக்கு அந்த வளைவில் சக்கரம் மாற்றிக்கொண்டிருந்தார். ஆடு ஏற்றிவந்த கசாப்பு லாரி ஒன்று அவரை அரைத்துவிட்டு, நிற்காமல் போய்விட்டது.

என் கணவன் நெவில் தெற்கத்திக்காரன். இதையெல்லாம் கேட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்.

அந்தச் சனிக்கிழமை காலை, சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதத்தின் மேலேயே டீக் கோப்பையை வைத்தான்.

"மூணு வருஷ வாரண்டியோட வந்த வண்டி, லொரெய்ன். இதுக்குப் போய் தண்டம் அழச் சொல்றியா?"

"வாரண்டி வந்து மலைமேல டயர் மாத்துமா?"

"ஓட்டை டப்பா வெச்சிருந்தப்போ நானேதான கட்டினேன்? இது புதுசு கண்ணு. நிக்காது."

"ஸ்டெப்னி இருக்கா அதுல?"

இப்போது வருகிற வண்டிகளில் ஸ்டெப்னி ஏது?

"ஓட்டை விழுந்தா டயர்ல அடிக்கிறதுக்கு நுரை டப்பா குடுத்திருக்கான்."

"நல்லதாப் போச்சு. வண்டி நின்னா நீ உக்காந்து ஷேவ் பண்ணிக்கலாம்."

சிரித்துவிட்டான். சண்டை அதோடு முடிந்தது என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மத்தியானம் ஹெக்ஸமில் இருக்கும் அவன் அக்கா வீட்டுக்குச் சாப்பிடக் கிளம்பினோம். அவளுக்காகச் சுட்ட ஆப்பிள் பலகாரம் மடியில் சூடாக இருந்தது. மலை ஏற ஏறப் பனிமூட்டம் கெட்டியானது. சாலையோரக் கல்மதில் மட்டும்தான் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து அவன் வண்டியின் ஸ்பீக்கரில் சங்கத்துக்குப் போன் போட்டான். வேண்டுமென்றேதான். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான்.

ஷானன் என்று ஒரு பெண் எடுத்தாள். "புது வண்டி, சந்தா வேண்டாம்" என்றான்.

"இந்தச் சந்தா ஆளுக்கு சார், வண்டிக்கு இல்ல. உங்க பேர், உங்க மனைவி பேர் ரெண்டும் இருக்கு. ரெண்டையும் எடுத்துடவா?"

என்னை ஓரக்கண்ணால் பார்த்தான். "என் பேரை மட்டும் எடும்மா. வீட்டுக்காரிக்குப் பயம் ஜாஸ்தி. அவ இருந்துட்டுப் போகட்டும்."

"என்னிக்கிலேர்ந்து சார்?"

"இந்த நிமிஷமே."

வளைவு வந்தது. டெலிபோன் பெட்டி தெரிந்தது. பக்கத்தில் அவர். எங்களைப் பார்த்ததும் வலது கை தொப்பியை நோக்கி உயர்ந்தது.

"எடுத்தாச்சு சார்" என்றாள் ஷானன்.

கை நெஞ்சளவில் நின்றது.

அப்படியே கீழே இறங்கியது.

"நெவில், நிறுத்து."

"என்ன இப்போ?"

"நிறுத்துடா! அவர் சல்யூட் அடிக்கல!"

"யாரு? அங்க ஒரு மண்ணும் இல்ல லொரெய்ன்."

வளைவைத் தாண்டினான். டமார் என்று ஒரு சத்தம். வண்டி ஒருக்களித்து, கல்மதிலில் உரசி நின்றது. ஸ்பீக்கர் செத்துப்போனது. ஆப்பிள் பலகாரம் என் மடியிலேயே உடைந்தது.

நெவில் திட்டிக்கொண்டே இறங்கினான். முன்சக்கர டயர் ஒரு முழத்துக்குக் கிழிந்திருந்தது. நுரையை அடித்தான். பொங்கின பால் மாதிரி அத்தனையும் தரையில் வழிந்தது.

என் பக்கக் கதவு திறக்கவில்லை. ஜன்னல் வழியே கத்தினேன். "திரும்பப் போன் பண்ணு. உன் பேரைச் சேக்கச் சொல்லு. உன் கால்ல விழறேன், நெவில்!"

என் முகத்தைப் பார்த்து அவனுக்கும் என்னவோ ஆகியிருக்க வேண்டும். போனை எடுத்துக் காதில் வைத்தான். காத்திருக்கச் சொல்லும் பாட்டு, சின்னதாக எனக்கும் கேட்டது.

அப்போதுதான் நாற்றம் வந்தது. நனைந்த கம்பளியும் ரத்தமும் சேர்ந்த நாற்றம்.

கீழே எங்கோ ஒரு லாரி கியர் மாற்றியது. ஆடுகள் கத்தின. நிறைய ஆடுகள்.

எல்லாம் ஒரே நொடியில் வாயை மூடின.

"யாரோ வர்றாங்க. நல்லதாப் போச்சு" என்றான் நெவில். ஆனால் வண்டியோடு ஒட்டிக்கொண்டான்.

என் ஜன்னலில் தொப்பி தெரிந்தது. முகத்தின் இடது பாதிதான் முகம். வலது பாதியில் டயர் ஓடிய வரிகள்.

திறக்காத கதவைப் பிய்த்து எறிந்தார். என் மேல்கையைப் பிடித்தார். சீட் பெல்ட் அறுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கந்தல் துணியைப் போல என்னைத் தூக்கி மதிலுக்கு அந்தப் பக்கம் வீசினார்.

நெவில் ஓடிவந்து அவருடைய தோல் பட்டையைப் பிடித்துக்கொண்டான். இப்போது அவனுக்கும் தெரிந்தது.

"ஐயா! என்னையும்! என்னையும் தூக்கிப் போடுங்க!"

அவர் நெவிலின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிரித்த ஒவ்வொன்றையும் ஒடித்தார். கோபமே இல்லை அந்த அரை முகத்தில். வேலை செய்கிறவனின் முகம் அது.

"அவன் என் புருஷன்யா!" மதிலைப் பிடித்து எழுந்து அலறினேன். "என் பேரை எடுத்துட்டு அவனைச் சேத்துக்குங்க!"

அவர் என் பக்கம் திரும்பினார்.

விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

நெவில் ஒடிந்த விரல்களால் போனைக் காதில் அழுத்தினான். "ஹலோ! என் பேரைச் சேருங்கம்மா! இப்பவே!"

"லைன்ல இருங்க சார்" என்றாள் ஷானன்.

பனியைக் கிழித்துக்கொண்டு லாரி வந்தது. டிரைவர் சீட்டில் ஆள் இல்லை. நெவிலையும் வண்டியையும் சேர்த்து மதிலில் வைத்து நசுக்கியது. என் முகத்தில் வெந்நீர் அடித்த மாதிரி இருந்தது. வெந்நீர் இல்லை.

லாரி நின்றது. பின்னால் போனது.

அவன் இன்னும் கத்திக்கொண்டிருந்தான்.

மறுபடி ஏறியது.

நின்ற வண்டிமேல் எதுவோ மோதியிருக்கிறது, எது என்று தெரியவில்லை என்று போலீஸ் எழுதிவைத்தது. சாலையில் வேறு வண்டியின் தடமே இல்லையாம். என் மேல்கையில் ஐந்து விரல்கள் கறுப்பாகப் பதிந்திருக்கின்றன. இரண்டு வருஷம் ஆகிறது, அழியவில்லை. என்னைக் காப்பாற்றினார் என்று ஊரில் எல்லோரும் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். நான் அவரை வயிறெரிந்து சபிக்கிறேன். ஆனால் சந்தாவை மட்டும் விடுவதில்லை.

பனிமூட்டம் இறங்கும் நாட்களில் வீட்டுப் போன் அடிக்கும். என் மகள் எண்ணை மாற்றினாள். ஒயரைப் பிடுங்கிப் போட்டாள். அப்போதும் அடிக்கிறது.

நேற்றும் அடித்தது. எடுத்தேன். முதலில் அந்தப் பாட்டு வந்தது. அப்புறம் மூச்சு வாங்கும் சத்தம்.

"ஹலோ? யாராவது இருக்கீங்களா? ஒரு பேரைச் சேக்கணும்மா. நெவில்னு."

அவனுக்கு என் குரல் அடையாளம் தெரிவதில்லை. முதல் தடவை "நெவில், நான்தான்" என்று கதறினேன். "சங்கத்துக்குத்தான போன் பண்ணேன்? இது சங்கம் இல்லையா?" என்று அழ ஆரம்பித்துவிட்டான். அதை என்னால் தாங்க முடியவில்லை. அதனால் இப்போதெல்லாம் ஷானன் சொன்னதையே சொல்கிறேன்.

"லைன்ல இருங்க சார்."

"சரிம்மா" என்றான் நெவில். "கொஞ்சம் சீக்கிரம். லாரி வர்ற சத்தம் கேக்குது."